இரண்டு நோட் டேக்: ஓனர் எந்த நோட்? இரவில் டேட்டாபேஸ் ஏன் இடம் மாறுது?

ஒபிஸ்_மெயில்காரன் | செவ்வாய், இரவு 8.42

வணக்கம். மெயில் சேர்வர் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, சியு23 (23ஆவது அப்டேட்), விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2. இரண்டு நோட் (சேர்வர்) உள்ள டேக், அதாவது ஒரே மெயில் டேட்டாபேஸின் கொப்பிகளை இரண்டு சேர்வரிலும் வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் கிளஸ்டர். ஒன்று கொழும்பு கோட்டைத் தலைமை ஒபிஸில், மற்றது மாலபேயில் உள்ள டிஆர் தளத்தில் (அனர்த்த காலத்துக்கான மாற்று இடம்). இரண்டுமே விஎம்வேரில் ஓடும் விஎம் (மெய்நிகர் சேர்வர்). நடுவில் ஒரு ஃபைபர் லைன், சப்நெட் வேறு வேறு. விட்னஸ் ஷெயர் (கிளஸ்டரின் மூன்றாவது வாக்காக நிற்கும் ஃபோல்டர்) கோட்டையில் உள்ள ஃபைல் சேர்வரில். டேட்டாபேஸ் நாலு, நாலுக்கும் அக்டிவேஷன் பிரிபெரன்ஸ் (எந்தக் கொப்பிக்கு முன்னுரிமை என்ற ஒழுங்கு) 1 கோட்டை, 2 மாலபே.

மூன்று விஷயம் விளங்கவில்லை.

ஒன்று, கிளஸ்டர் மனேஜரில் ஓனர் நோட் மாலபே என்று காட்டுது. ஆனால் நாலு டேட்டாபேஸும் மவுண்ட் ஆகி இருப்பது கோட்டையில். இது பிழையா?

இரண்டு, கிழமையில் மூன்று நாலு தடவை இரவு 2.10 அளவில் டேட்டாபேஸ் எல்லாம் மாலபேக்குப் போகுது. யாரும் தொடாமலே ஒரு மணித்தியாலத்துக்குள் கோட்டைக்குத் திரும்பி வருது.

மூன்று, போன மாதம் கோட்டைக் கட்டிடத்தில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, எல்லாம் ஒரேயடியாக விழுந்தது. மாலபே நோட் நல்லாக ஓடிக்கொண்டிருந்தும் டேட்டாபேஸை எடுக்கவே இல்லை. அதற்குத்தானே டிஆர் வைத்தோம்?

---

பம்பலப்பிட்டி_பிட் | செவ்வாய், இரவு 9.05

லேசான வேலை மச்சான். கிளஸ்டர் மனேஜரில் கோர் குரூப்பை ரைட் கிளிக் பண்ணி கோட்டைக்கு மூவ் பண்ணுங்க, ஓனர் சரியாகிடும். பிறகு ஹார்ட்பீட் திரெஷோல்டை (நோட் உயிரோட இருக்குன்னு காட்டுற சிக்னல் எத்தனை தவறலாம் என்ற எல்லை) 60 ஆக்குங்க, இரவுப் பிரச்சினையும் முடிஞ்சுது.

---

வெள்ளவத்தை_ரவுட்டர் | செவ்வாய், இரவு 9.51

பிட் தம்பி, முதலாவது ஆபத்தில்லாத வேலை, ஆனா அவர் கேட்டதுக்கு அது மருந்தில்லை. இரண்டாவதுக்குப் பிறகு வாறன்.

டேக்கில "ஓனர்" எண்ட ஒரே சொல்லால மூண்டு வேற சங்கதியளைக் கதைக்கிறம். அங்கதான் குழப்பம் தொடங்குது.

கிளஸ்டர் மனேஜர் காட்டுற ஓனர், கிளஸ்டரின்ர கோர் குரூப் எந்த நோட்டில இருக்கெண்டு மட்டும்தான் சொல்லுது. அந்தக் குரூப் இருக்கிற நோட்டிலதான் அக்டிவ் மனேஜரின்ர பிரைமரி வேலை, சுருக்கமா பிஏஎம், நடக்கும். எந்தக் கொப்பி எங்க ஏறவேணும் எண்டு தீர்ப்புச் சொல்லுறது பிஏஎம். தீர்ப்புச் சொல்லுற ஆள்தான் சாமானையும் வச்சிருக்கவேணும் எண்டில்லை. பிஏஎம் மாலபேயிலயும் டேட்டாபேஸ் கோட்டையிலயும் இருக்கலாம், மெயில் வழமைபோல ஓடும்.

இரண்டாவது, ஒவ்வொரு டேட்டாபேஸின்ரயும் அக்டிவ் கொப்பி எந்த நோட்டில எண்டது. இது கிளஸ்டர் மனேஜரில வராது. பழைய 2003, 2007 காலத்தில ஒரு மெயில்பொக்ஸ் சேர்வர் முழுசாக ஒரு கிளஸ்டர் குரூப்பா இருந்தது. பொசிபிள் ஓனர், பிரிபேர்ட் ஓனர் டிக் போட்டுத்தான் ஆட்டுவிப்பம். 2010இல டேக் வந்ததோட அது போயிற்று. டேட்டாபேஸ் இப்ப கிளஸ்டர் ரிசோர்ஸே இல்லை, அதைப் பார்க்கிறது எக்ஸ்சேஞ்ச். அதனால பழைய குறிப்பைப் பார்த்து பிரிபேர்ட் ஓனர் டிக் தேடவேண்டாம்.

மூண்டாவது, மெயில் வாசல். ஆட்கள் எந்த ஐபிக்கு வருகினம் எண்டது. இது டிஎன்எஸ், லோட் பலன்சர், ஃபயர்வோல் சமாச்சாரம். டேட்டாபேஸ் மாறினாலும் இது தானா மாறாது.

முதல் இரண்டையும் இப்பிடிப் பாருங்கோ:

கெட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் டேக்1 -ஸ்டேட்டஸ்

அதில பிரைமரிஅக்டிவ்மனேஜர் எண்ட வரியில பிஏஎம் இருக்கிற நோட் வரும். விட்னஸ்ஷெயர்இன்யூஸ் எண்ட வரியையும் பாருங்கோ, "பிரைமரி" எண்டு இருக்கவேணும்.

கெட்-மெயில்பொக்ஸ்டேட்டாபேஸ்கொப்பிஸ்டேட்டஸ் *

அக்டிவ் கொப்பி "மவுண்டட்" எண்டு நிக்கும், மற்றது "ஹெல்தி". கொப்பி கியூ (இன்னும் வந்து சேராத மாற்றங்கள்), ரிப்ளே கியூ (வந்தும் இன்னும் ஏத்தாத மாற்றங்கள்) இரண்டும் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேணும்.

டேக் 2016இல உருவாக்கினதெண்டால் பெரும்பாலும் கிளஸ்டர் பேரும் ஐபியும் இல்லாத வகை. பேரைக் குடுத்துத் திறந்தா கிளஸ்டர் மனேஜர் கண்டுபிடிக்காது, நோட்டுக்குள்ள இருந்தோ பவர்ஷெல்லிலயோ தான் பார்க்கலாம். அது பழுதில்லை.

---

கொட்டாஞ்சேனை_கன்சோல் | செவ்வாய், இரவு 10.20

இரவு 2.10க்கு என் சந்தேகம் பக்கப் மீது. மாலபே நோட்டின் சிஸ்டம் ஈவென்ட் லொக்கில் 2.10 அளவில் 1135 இருக்கிறதா என்று பாருங்கள். "நோட் கிளஸ்டர் உறுப்புரிமையிலிருந்து நீக்கப்பட்டது" என்பதுதான் அந்த ஈவென்ட். இருந்தால், அடுத்ததாக கோட்டை விஎம் இருக்கும் டேட்டாஸ்டோர் ஃபோல்டரில் விஎம்வேர்.லொக் ஃபைலைத் திறந்து "அன்ஸ்டன்" என்று தேடுங்கள். விஎம் எத்தனை மைக்ரோசெக்கன் நின்றது என்று ஒரு வரி வரும். 10,00,000 என்றால் ஒரு செக்கன்.

நேரத்தில் ஏமாறாதீர்கள். அந்த ஃபைல் யுடிசியில் எழுதும், நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். இங்கே அதிகாலை 2.10 என்றால் அங்கே முதல் நாள் 20.40. கிளஸ்டர் லொக்கும் அப்படித்தான். எடுக்கும்போது -யூஸ்லோக்கல்டைம் சேர்த்தால் கொழும்பு நேரத்திலேயே வரும்.

நடப்பது இதுதான். பக்கப் மென்பொருள் ஸ்னப்ஷொட் (விஎம்மின் அந்த நேரத்து நிலை) எடுத்து, முடிந்தபின் அதை அழிக்கும்போது, ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள், இங்கே விஎம்வேர்) விஎம்மைச் சிறிது நேரம் உறையவைக்கும். டிஸ்க் மெதுவாக, மாற்றங்கள் அதிகமாக இருந்தால் அந்தச் சிறிது நேரம் பல செக்கன் ஆகும். 2012 ஆர்2இல் ஹார்ட்பீட் செக்கனுக்கு ஒன்று, யுடிபி 3343இல். வேறு சப்நெட்டிலும் ஐந்து தவறினால் நோட் செத்ததாகவே கணக்கு. கோட்டை நோட் 6 செக்கன் உறைந்தால் மாலபே அதற்குக் காத்திருக்காது. விட்னஸ் ஷெயரில் உள்ள விட்னஸ்.லொக் ஃபைலைப் பூட்டும், மூன்றில் இரண்டு வாக்கு கையில் வந்துவிடும், பிஏஎம் வேலையை எடுக்கும், நாலு டேட்டாபேஸையும் ஏற்றும். கோட்டை கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வருவதற்குப் பேய் காரணமல்ல. 2016 சியு2இல் பிரிபெரன்ஸ்மூவ்ஃப்ரீக்வென்சி என்று டேக்கில் ஒரு அமைப்பு வந்தது, இயல்பாக 1 மணித்தியாலம். பிரிபெரன்ஸ் 1 உள்ள கொப்பி ஆரோக்கியமாக இருந்தால் டேட்டாபேஸை அங்கே திருப்பி அனுப்பும். ஆனால் பிஏஎம்மைத் திருப்பி அனுப்ப அப்படி ஒன்றும் இல்லை, கோர் குரூப் போன இடத்திலேயே இருந்துவிடும். உங்கள் முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் காரணம் ஒன்றுதான்.

---

பம்பலப்பிட்டி_பிட் | செவ்வாய், இரவு 10.31

அப்போ நான் சொன்ன திரெஷோல்ட் 60 சரிதானே அக்கா?

---

கொட்டாஞ்சேனை_கன்சோல் | செவ்வாய், இரவு 10.58

60 வைத்தால், கோட்டை நோட் உண்மையாகவே விழும் நாளில் மாலபே ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும், அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். ஒரே சப்நெட்டுக்கு 10, வேறு சப்நெட்டுக்கு 20 போதும். சேர்வர் 2016இலிருந்து விண்டோஸின் இயல்பான அளவே அதுதான். ஏதாவது ஒரு நோட்டில் பவர்ஷெல்லில்:

(கெட்-கிளஸ்டர்).சேம்சப்நெட்திரெஷோல்ட் = 10
(கெட்-கிளஸ்டர்).கிரொஸ்சப்நெட்திரெஷோல்ட் = 20

உடனே அமுலுக்கு வரும், ரீஸ்டார்ட் தேவையில்லை. ஆனால் இது வலி குறைக்கும் குளிசை மட்டும்தான். அக்டிவ் நோட்டின் மீது விஎம் ஸ்னப்ஷொட் எடுப்பதை நிறுத்துங்கள். எக்ஸ்சேஞ்ச் சேர்வருக்கு ஹைப்பர்வைசர் ஸ்னப்ஷொட்டை மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பதில்லை. விஎம்முக்குள் ஏஜன்ட் போட்டு, விஎஸ்எஸ் (விண்டோஸின் பக்கப் வசதி) வழியாக மாலபேயில் உள்ள பசிவ் கொப்பியை (மவுண்ட் ஆகாமல் காத்திருக்கும் கொப்பி) பக்கப் எடுங்கள். விண்டோஸோடு வரும் சேர்வர் பக்கப் இதற்கு உதவாது, அதற்கு அக்டிவ் கொப்பி மட்டும்தான் எடுக்கத் தெரியும்.

பக்கப் முடிந்தபின் லொக் ஃபைல்கள் (டேட்டாபேஸ் மாற்றங்களைக் குறித்து வைப்பவை) வெட்டுப்படுகின்றனவா, அதாவது பழையவை அழிபடுகின்றனவா என்று முதல் இரண்டு நாளும் பாருங்கள். வெட்டுப்படாவிட்டால் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆகும், அப்போது வேறொரு இழை திறக்க வேண்டிவரும்.

---

வெள்ளவத்தை_ரவுட்டர் | புதன், காலை 7.15

மூண்டாவது கேள்விக்கு வாறன், முக்கியமானது அதுதான்.

உங்கட கிளஸ்டரில வாக்கு மூண்டு: கோட்டை நோட், மாலபே நோட், விட்னஸ். உயிரோட நிக்க இரண்டு வேணும். விட்னஸ் கோட்டையில. கோட்டைக் கட்டிடம் ஒரேயடியா இருண்டால் இரண்டு வாக்கு ஒரே செக்கனில போகுது. மாலபேக்கு மிச்சம் ஒண்டு. அது தன்ர கிளஸ்டர் சேர்விசை நிப்பாட்டும், ஈவென்ட் லொக்கில 1177 எழுதும். அதுக்குத் தெரியாது கோட்டை செத்ததோ, லைன் அறுந்ததோ எண்டு. லைன் அறுந்ததெண்டு வைச்சுக்கொண்டால், கோட்டை அந்தப்பக்கம் மெயில் எடுத்துக்கொண்டுதான் இருக்கும்; மாலபேயும் ஏத்தினா ஒரே மெயில்பொக்ஸ் இரண்டு இடத்தில வளரும். பிறகு சேர்க்கேலாது. அதனால அது படுத்தது சரி. நீங்கள் விட்னஸை வைச்ச இடம்தான் பிழை.

டைனமிக் குவோரம் (விழுந்த நோட்டின்ர வாக்கைக் கழிச்சு, தேவையான வாக்கைத் தானாக் குறைக்கிற வசதி) இருக்கே எண்டு ஆரும் கேட்பினம். அது ஒண்டுக்குப் பின் ஒண்டா விழேக்கதான் உதவும். 2012 ஆர்2இல விட்னஸின்ர வாக்கும் டைனமிக். கோட்டை நோட் ஒழுங்கா ஷட்டவுன் ஆனா அதின்ர வாக்கு கழிஞ்சு, விட்னஸின்ர வாக்கும் பூச்சியமாகி, மாலபே தனிய ஒரே வாக்கோட நிக்கும். அதுக்குப் பிறகு விட்னஸ் விழுந்தாலும் பாதிப்பில்லை. இந்த வித்தையை யுபிஎஸ்ஸில பாவிக்கலாம். யுபிஎஸ் மென்பொருளில ஷட்டவுன் ஒழுங்கைத் திருத்துங்கோ: பற்றரி பாதியாகேக்க முதலில கோட்டை எக்ஸ்சேஞ்ச் நோட், அது முழுசா அணைஞ்சு ஒரு ஐஞ்சு நிமிஷம் கழிச்சு விட்னஸ் ஃபைல் சேர்வர், கடைசியா ஸ்விட்சும் ரவுட்டரும். கன இடத்தில ஸ்விட்ச்தான் முதலில போகுது, ஏனெண்டால் அதை ஆரும் யுபிஎஸ்ஸில போடுறேல்லை. ஸ்விட்ச் போனால் நோட் ஒழுங்கா ஷட்டவுன் ஆனாலும் மாலபேக்கு அந்தச் செய்தி போகாது.

வாக்கு எப்பிடி இருக்கெண்டு பார்க்க:

கெட்-கிளஸ்டர்நோட் | எஃப்டி நேம், ஸ்டேட், டைனமிக்வெயிட்
(கெட்-கிளஸ்டர்).விட்னஸ்டைனமிக்வெயிட்

எல்லாம் 1 எண்டு வந்தால் மூண்டு வாக்கும் உயிரோட இருக்கு.

---

ஒபிஸ்_மெயில்காரன் | புதன், காலை 8.40

1135 இருக்கு, ஆறு தடவை, ஆறும் 2.10க்கும் 2.13க்கும் இடையில். விஎம்வேர்.லொக்கில் 20.41க்கு 73 லட்சத்துச் சொச்சம் மைக்ரோசெக்கன். ஏழு செக்கனுக்கு மேல். அக்கா சொன்னது அச்சொட்டாகச் சரி.

அப்போ விட்னஸை மாலபேக்கு மாற்றினால்?

---

வெள்ளவத்தை_ரவுட்டர் | புதன், காலை 9.02

மாத்தினால் லைன் அறுகிற ஒவ்வொரு தடவையும் கோட்டை படுக்கும், மாலபே எடுக்கும். நாள் முழுக்க ஆட்கள் இருந்து வேலை செய்யிற இடம் கோட்டை. உங்களுக்கு எது அடிக்கடி போகுது, லைனா கரண்டா? அதைப் பார்த்து முடிவெடுங்கோ. இரண்டிலயும் சேராத மூண்டாவது இடம் இருந்தால் அதுதான் நல்லது.

---

மருதானை_நானா | புதன், பகல் 1.25

நான் எக்ஸ்சேஞ்ச் ஆள் இல்ல, லினக்ஸ்ல பேஸ்மேக்கர் (கிளஸ்டர் மென்பொருள்), டிஆர்பிடி (டிஸ்க்க ரெண்டு நோட்லயும் ஒரே மாதிரி வெக்கிறது), போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் (மெயில் மென்பொருள்) தான். ஆனா கதை ஒண்டுதான், அதனால லினக்ஸ்ல இதே கேள்வியோட வாறவங்களுக்கும் சேர்த்து எழுதுறன்.

எங்கட பக்கத்துல ஓனர் என்டா டிஆர்பிடி பிரைமரி, ஃபைல்சிஸ்டம், மிதக்குற ஐபி, டவ்கொட், போஸ்ட்ஃபிக்ஸ். இந்த அஞ்சும் ஒரே குடும்பமா ஒரே நோட்ல இருக்கணும். டிஆர்பிடிக்கு கொலொகேஷன் (ஒரே நோட்ல இருக்கணும் என்ட விதி), ஓர்டர் (எது முதல்ல எழும்பணும் என்ட விதி) ரெண்டும் எழுதணும். கொலொகேஷன மட்டும் எழுதிட்டு ஓர்டர மறந்தா, பிரைமரி ஆகுறதுக்கு முந்தி மவுண்ட் பண்ணப் பாத்து தோத்துப்போகும்.

பேஸ்மேக்கர ஆட்டுவிக்கிற கட்டளை பிசிஎஸ். அதுல அதிகமா மாட்டுப்படுற இடம் "பிசிஎஸ் ரிசோர்ஸ் மூவ்". பழைய பிசிஎஸ்ல இந்தக் கட்டளை ரிசோர்ஸ நகத்துறதோட நிக்காது, பழைய நோட்டுக்கு "சிஎல்ஐ-பேன்" என்ட பேர்ல மைனஸ் இன்ஃபினிட்டி தடை ஒண்டயும் எழுதி வெச்சிடும். வேலை முடிஞ்சு எல்லாரும் போயிடுவாங்க. ரெண்டு மாசத்துக்குப் பிறகு ரெண்டாவது நோட் விழும்போது முதல் நோட் எடுக்காது, தடை அப்படியே ஈக்குது. மூவ் செஞ்ச கையோட "பிசிஎஸ் ரிசோர்ஸ் கிளியர்" அடிக்கணும். 0.11 பதிப்புல இருந்து பிசிஎஸ் தானே அழிச்சிடுது. உங்கட பதிப்ப பாத்துக்கங்க, "பிசிஎஸ் கொன்ஸ்ட்ரெய்ன்ட்" அடிச்சா தடை ஈக்கா இல்லயா என்டு தெரிஞ்சிடும்.

பகல்ல தானே திரும்பி வாறத நிறுத்த ரிசோர்ஸ் ஸ்டிக்கினஸ் (இருக்குற நோட்லயே ஒட்டி நிக்கிற அளவு). ஒரு நோட்டுக்கு விருப்பம் 50 குடுத்து ஸ்டிக்கினஸ் 100 வெச்சா, விழுந்து எழும்பின நோட் சும்மா காத்திருக்கும், நீங்க நகத்தினாத்தான் போகும். ரிசோர்ஸ் குரூப்பா இருந்தா ஸ்டிக்கினஸ் ஒவ்வொரு உறுப்புக்கும் கூடிக் கூடிப் போகும், அதயும் கணக்குல எடுங்க.

இப்ப கரண்ட். கொழும்புக்கு இது முக்கியம். ஃபென்சிங் (பதில் இல்லாத நோட்ட மத்த நோட் கட்டாயமா அணைக்கிறது) என்டு ஐபிஎம்ஐ (சேர்வர தூரத்துல இருந்து அணைக்கிற சிப்) மட்டும் போட்டு வெக்கிறாங்க. ஐபிஎம்ஐ சிப்புக்குக் கரண்ட் அதே சேர்வர்ட பவர் சப்ளைல இருந்துதான் வருது. நோட்டுக்குக் கரண்ட் போனா ஐபிஎம்ஐயும் போச்சு. மத்த நோட் "இவனக் கொன்னுட்டேன்" என்டு உறுதி எடுக்க ஐபிஎம்ஐட்ட கேக்கும், பதில் வராது, ஃபென்சிங் தோல்வி, எந்த ரிசோர்ஸையும் தொடாது. கரண்ட் போறதுக்காக கட்டின கிளஸ்டர் கரண்ட் போனதாலேயே உறையும். ரெண்டாவது படியா, நெட்வொர்க்ல அணைக்கக்கூடிய பிடியு (கரண்ட் பிரிக்கிற பலகை) ஒண்ட வேற யுபிஎஸ் லைன்ல போட்டு, ஃபென்சிங் லெவல் 2 ஆக வைங்க. இல்லாட்டி வோச்டோக் வெச்சு எஸ்பிடி (நோட் தன்னையே அணைச்சுக்கிற முறை), கூட மூணாவது இடத்துல கியூநெட்டி (மூணாவது வாக்கு தர்ற சேவை). அதுக்கு டிசிபி 5403 திறந்தா போதும்.

எரிச்சல்ல, ஃபென்சிங்க இயக்குற "ஸ்டொனித்-எனேபிள்ட்" ஐ ஃபோல்ஸ் ஆக்கிடாதீங்க. ஆக்கினா ரெண்டு பக்கமும் பிரைமரி ஆகி, எக்ஸ்ட்4 ல ரெண்டு கை எழுதி, கடைசில ஒரு பக்கத்து மெயிலத் தூக்கி எறியவேண்டி வரும்.

இன்னொண்டு. சிஸ்டம்டில டவ்கொட்டயும் போஸ்ட்ஃபிக்ஸயும் "டிசேபிள்" பண்ணி வைங்க. கிளஸ்டர் மட்டும்தான் அதுகள எழுப்பணும்.

---

கொட்டாஞ்சேனை_கன்சோல் | புதன், மாலை 5.48

நானா சொன்ன "குடும்பம்" எக்ஸ்சேஞ்சிலும் உண்டு, பலர் மறந்துவிடுவது. டேட்டாபேஸ் மாலபேக்குப் போனால் வெளியே போகும் மெயிலும் மாலபேயின் இணைய ஐபியால் போகக்கூடும். அந்த ஐபி எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உள்ள ஐபிகளின் பட்டியல்) இல்லாவிட்டாலோ, அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) இல்லாவிட்டாலோ, மறுபக்கத்தில் மெயில் ஸ்பாமுக்குப் போகும் அல்லது திருப்பி அடிக்கப்படும். ஃபெயில்ஓவர் வெற்றி, மெயில் தோல்வி. இரண்டு ஐபியையும் இன்றே எஸ்பிஎஃப்பில் சேர்த்துவிடுங்கள், ரிவர்ஸ் பதிவை லைன் தருபவரிடம் எழுதிக் கேளுங்கள். அது வரச் சில நாள் எடுக்கும். மெயில், ஓட்டோடிஸ்கவர் டிஎன்எஸ் பதிவுகளின் டிடிஎல்லை (மற்றவர்கள் பழைய ஐபியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 செக்கனுக்குக் குறையுங்கள். முக்கியமாக, மாலபேயில் குளோபல் கட்டலொக் (முழு நெட்வொர்க்கின் பயனர் பட்டியல்) உள்ள ஒரு டொமைன் கொன்ட்ரோலர் (டிசி) கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் எழும்பவே மாட்டாது.

---

ஒபிஸ்_மெயில்காரன் | புதன், இரவு 7.30

டிசி மாலபேயில் இருக்கு. எஸ்பிஎஃப்பில் கோட்டை மட்டும்தான், இப்போதே சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது இடம் கிடைக்கும்வரை, கோட்டை மறுபடியும் ஒரேயடியாக இருண்டால், மாலபேயைக் கையால் எழுப்புவது எப்படி? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போய், பாணந்துறையில் குரங்கின் தலையில் பழி விழுந்ததே, அந்த மாதிரி ஒரு ஞாயிறு வந்தால்?

---

வெள்ளவத்தை_ரவுட்டர் | புதன், இரவு 8.55

அதுக்கு இப்பவே ஒரு வேலை செய்து வையுங்கோ. டிஏசி மோட் (இரண்டு தளமும் ஒரே நேரத்தில டேட்டாபேஸை ஏத்தாமல் காக்கிற அமைப்பு):

செட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் டேக்1 -டேட்டாசென்டர்அக்டிவேஷன்மோட் டேக்ஒன்லி

இது இல்லாட்டி கீழ சொல்லப்போற கட்டளையளே ஓடாது. இது இருந்தால், கோட்டைக்குக் கரண்ட் திரும்பி, லைன் இன்னும் வராத நேரத்தில, கோட்டை நோட் தன்னிச்சையா டேட்டாபேஸை ஏத்தாது. ஒவ்வொரு நோட்டும் எழும்பேக்க மெமரியில ஒரு பிட்டை பூச்சியமா வைச்சுக்கொண்டு எழும்பும். அது ஒண்டாக வேணுமெண்டால் ஏற்கெனவே ஒண்டில நிக்கிற மற்ற நோட்டோட கதைக்கவேணும். இரண்டு நோட் டேக்கில விட்னஸ் எழும்பின நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும். அதனால தனிய ஒரு நோட் மிஞ்சியிருக்கேக்க விட்னஸ் சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணவேண்டாம்.

இனி அந்த நாள் வந்தால், மாலபேயில இருந்து:

1. கோட்டை உண்மையா அணைஞ்சிருக்கோ எண்டு ஆளை விட்டுப் பாருங்கோ, அல்லது ஃபோன் போட்டுக் கேளுங்கோ. பிங் வரேல்லை எண்டது சாட்சி இல்லை.

2. ஸ்டொப்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் டேக்1 -மெயில்பொக்ஸ்சேர்வர் கோட்டை -கொன்ஃபிகரேஷன்ஒன்லி
கோட்டையை எட்டேலாதபடியால்தான் கடைசிச் சொல். அது இல்லாட்டி கட்டளை கோட்டையைத் தேடித் தோற்கும்.

3. மாலபே நோட்டில கிளஸ்டர் சேர்விசை நிப்பாட்டுங்கோ: ஸ்டொப்-சேர்விஸ் கிளஸ்எஸ்விசி

4. ரிஸ்டோர்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் டேக்1 -அக்டிவ்டிரெக்டரிசைட் மாலபே -ஓல்டர்னேட்விட்னஸ்சேர்வர், அதுக்குப் பக்கத்தில மாலபேயில உள்ள ஒரு ஃபைல் சேர்வரின்ர பேர். இது கோட்டையைக் கிளஸ்டரில இருந்து கழிச்சு, புது விட்னஸோட எழுப்பும். முதல் தடவை தோற்றால் ஒரு நிமிஷம் விட்டு அதையே திரும்ப அடியுங்கோ.

5. டேட்டாபேஸ் ஏறாட்டி கொப்பி கியூவைப் பாருங்கோ. இயல்பா 6 லொக் வரை இழப்பெண்டால்தான் தானா ஏறும். லொக் ஒண்டு 1 எம்பி. அதுக்கு மேல போனால் மூவ்-அக்டிவ்மெயில்பொக்ஸ்டேட்டாபேஸுக்கு -மவுண்ட்டயல்ஓவர்ரைட் குடுத்துக் கையால ஏத்தவேணும். விடுபட்ட மெயிலில வழியில வந்ததை சேஃப்டி நெட் (எக்ஸ்சேஞ்ச் வைச்சிருக்கிற மெயில் பிரதி) திரும்பத் தரும், இயல்பா இரண்டு நாளைக்கு வைச்சிருக்கும். ஆனால் டிராஃப்ட், கலண்டர் மாற்றம் மாதிரி டிரான்ஸ்போர்ட் வழியால போகாததுகள் திரும்பி வராது. மேலதிகாரியிட்ட இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.

6. பிறகு டிஎன்எஸ்.

கோட்டை திரும்பி வந்தால் ஸ்டார்ட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் டேக்1 -அக்டிவ்டிரெக்டரிசைட் கோட்டை. அதுக்குப் பிறகு வேறொண்டும் சேர்க்காமல் செட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப் டேக்1 எண்டு ஒருக்கா அடியுங்கோ. குவோரம் சரியான மாதிரிக்கும் பழைய விட்னஸுக்கும் திரும்பும். இந்தக் கடைசி வரியைத்தான் கனபேர் விடுகினம்.

---

பம்பலப்பிட்டி_பிட் | வியாழன், காலை 10.12

இவ்வளவு தலையிடி ஏன்? மாலபே தானா எடுக்கவே கூடாதென்று தடுத்துவிட்டால்? ஓட்டோஅக்டிவேஷன்பொலிசி புளொக்ட்?

---

கொட்டாஞ்சேனை_கன்சோல் | வியாழன், காலை 10.40

இந்தத் தடவை பிட் சொன்னதைத் தள்ள முடியாது. இரவில் ஆள் இருக்கும் இடத்துக்கு அது நல்ல முடிவு. ஆள் இல்லாத இடத்தில், கோட்டை ஹோஸ்டில் ஒரு டிஸ்க் போனாலே மெயில் விடியும்வரை நிற்கும். இங்கே வேண்டாம் என்பது என் கருத்து, முதலில் பக்கப்பைத் திருத்திவிட்டு ஒரு மாதம் பாருங்கள்.

பட்ச் போடும் நாளுக்கு மட்டும் அந்தத் தடை தேவைப்படும். போயா நாளில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு ஒழுங்கு: நோட்டின் ஹப்டிரான்ஸ்போர்ட் கொம்பொனன்டை (மெயிலைக் கடத்தும் பகுதி) டிரெய்னிங்குக்கு (புது மெயில் எடுக்காமல் உள்ளதை வடியவிடும் நிலை) மாற்றி, ரீடிரெக்ட்-மெசேஜ் மூலம் கியூவை மற்ற நோட்டுக்குத் தள்ளுங்கள், இலக்கு முழுப் பெயரில் இருக்க வேண்டும். பிறகு சஸ்பென்ட்-கிளஸ்டர்நோட். பிறகு மெயில்பொக்ஸ் சேர்வரில் டேட்டாபேஸ்கொப்பிஅக்டிவேஷன்டிசேபிள்ட்அண்ட்மூவ்நவ் ட்ரூ, ஓட்டோஅக்டிவேஷன்பொலிசி புளொக்ட். கடைசியாக சேர்வர்வைட்ஓஃப்லைன் இன்அக்டிவ். மாற்றுவதற்கு முன்பே பொலிசியின் பழைய பெறுமதியைக் குறித்து வையுங்கள்.

வேலை முடிந்தபின் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மூவ்நவ்வை ஃபோல்ஸ் ஆக்க மறந்தால் அந்த நோட் "ஹெல்தி" என்று காட்டிக்கொண்டே ஒரு டேட்டாபேஸையும் எடுக்காது. யாரும் கவனிக்கமாட்டார்கள், மற்ற நோட் விழும் நாள்வரை. நானாவின் "சிஎல்ஐ-பேன்" மாதிரியேதான்.

மற்றது, எக்ஸ்சேஞ்ச் 2016க்கும் 2019க்கும் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு 2016இலிருந்து நேரே ஏற முடியாது. புது விண்டோஸில் புது சேர்வர், புது டேக், பிறகு மெயில்பொக்ஸ்களை நகர்த்த வேண்டும். ஒரே டேக்குக்குள் இரண்டு பதிப்பைக் கலக்க முடியாது. விட்னஸுக்கு இடம் தேடும்போது அதையும் மனதில் வைத்துத் தேடுங்கள்.

---

ஒபிஸ்_மெயில்காரன் | வெள்ளி, மாலை 6.05

பக்கப்பை மாலபே பசிவ் கொப்பிக்கு மாற்றி இரண்டு இரவு. 1135 இல்லை. லொக் வெட்டுப்படுது. திரெஷோல்ட் 10, 20. பிஏஎம்மை மூவ்-கிளஸ்டர்குரூப் போட்டுக் கோட்டைக்கு எடுத்தேன், கண்ணுக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று.

விட்னஸுக்குக் கண்டிக் கிளையில் ஒரு ஃபைல் சேர்வர் கிடைத்தது. எக்ஸ்சேஞ்ச் டிரஸ்டட் சப்சிஸ்டத்தை அதன் லோக்கல் அட்மின் குழுவில் சேர்த்தாயிற்று, ஃபயர்வோலில் 445 திறந்தாயிற்று. மாற்றலாமா? மைக்ரோசொஃப்ட்டின் கிளவுட் சேவையான அசூரில் கிளவுட் விட்னஸ் என்று ஒன்றும் சொல்கிறார்கள்.

---

கொட்டாஞ்சேனை_கன்சோல் | வெள்ளி, மாலை 6.22

விண்டோஸின் கிளவுட் விட்னஸை டேக்குக்கு எக்ஸ்சேஞ்ச் ஆதரிப்பதில்லை, அது சேர்வர் 2016இல்தான் வந்ததும்கூட. அசூரில் ஒரு விஎம் வைத்து அதில் ஃபைல் ஷெயர் போடலாம், ஆனால் இரண்டு தளத்திலிருந்தும் தனித்தனி விபிஎன் வேண்டும். கண்டி கிடைத்தால் கண்டியே மேல். கண்டியிலிருந்து மாலபே நோட்டுக்கு ஒரு டிரேஸ்ரூட் (எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுவிட்டு மாற்றுங்கள்.

---

ஒபிஸ்_மெயில்காரன் | வெள்ளி, இரவு 7.10

போட்டேன். வழியில் மூன்றாவது ஹொப் கோட்டை ரவுட்டர்.

---

வெள்ளவத்தை_ரவுட்டர் | வெள்ளி, இரவு 7.26

அப்ப சேர்வர் கண்டியில இருந்தாலும் வாக்கு கோட்டையிலதான். கோட்டை இருண்டால் மாலபேயால கண்டியை எட்டேலாது, பழைய கதைதான். கண்டிக் கிளையில சாதாரண இன்ரநெட் லைன் ஒண்டு இருக்குமே? அதால மாலபே ஃபயர்வோலுக்கு நேர ஒரு ஐபிசெக் டன்னல் (இன்ரநெட்டுக்குள்ளால பாதுகாப்பான தனி வழி) கட்டுங்கோ, அந்தச் சேர்வரின்ர ஐபிக்கு மாலபேயில ஸ்டட்டிக் ரூட் அதால. விட்னஸுக்குப் போற டேட்டா கொஞ்சம்தான், மெதுவான லைனும் தாங்கும். கட்டின பிறகு கோட்டைப் பக்க வயரை ஒருக்கா கழட்டிவிட்டு மாலபேயில இருந்து அந்த ஷெயர் திறக்குதோ எண்டு பாருங்கோ. திறந்தால் செட்-டேட்டாபேஸ்அவைலபிலிட்டிகுரூப்பில விட்னஸ்சேர்வரை மாத்துங்கோ.

---

மருதானை_நானா | வெள்ளி, இரவு 9.40

வயர கழட்டுறதுக்கு முந்தி மாலபேல எந்த டேட்டாபேஸும் மவுண்ட் ஆகி இல்லயா என்டு பாத்துக்கங்க தம்பி. அந்த நேரத்துல விட்னஸ் இன்னும் பழைய இடத்துலதான், மாலபே படுத்துடும்.